ஊரப்பாக்கத்து மனையில் கனிமம் கிடைத்த வாரம்

சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், ‘மண் பார்க்கிறேன்’ என்பேன். கேட்பவர் முகத்தில் சின்னதாய் ஒரு பரிதாபம் எட்டிப் பார்க்கும். எனக்கு அது பழகிவிட்டது. தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் மண் பரிசோதனைக் கூடம். கீழே ஜாங்கிரி வாசம், மேலே ஈரமண் வாசம். வீடு கட்டப் போகிறவர்களின் மனையில் துளை போட்டு மண் எடுத்து வருவோம். உலர்த்துவோம், சலிப்போம், பிசைவோம், சேவை மாதிரி மெல்லிசாக உருட்டிப் பார்ப்போம். ஒட்டுகிறதா, உடைகிறதா, தண்ணீர் குடித்தால் எவ்வளவு ஊதுகிறது என்று எழுதுவோம். பத்துப் பக்க ரிப்போர்ட். அதை முழுசாக ஒருவரும் படிப்பதில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், அஸ்திவாரம் எத்தனை அடி என்று மட்டும் பார்ப்பார்கள்.

அந்தத் தைரியத்தில்தான் நான் அந்த வார்த்தையை எழுதினேன்.

வந்தவர் ஒரு அக்கா. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவு. ஷிப்டு முடிந்து சேஃப்டி ஷூவோடு நேராக எங்கள் மாடியேறி வந்திருந்தார். ஊரப்பாக்கத்தில் ஒரு மனை பேசி முடித்திருக்கிறார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு. பொதுவாக மனையை வாங்கிய பிறகுதான் எங்களிடம் வருவார்கள். இவர் வாங்குவதற்கு முன்பே வந்துவிட்டார்.

“ஒரு நட்டைக்கூட டெஸ்ட் பண்ணாம உள்ள விட மாட்டேன், நான் போய் மண்ணை அப்படியே வாங்குவேனா?” என்றார்.

அடுத்து அவரே சொன்னார். “ஏழு வாடகை வீடு மாறியாச்சும்மா. சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட ஓனருக்கு போன் பண்ணணும். இந்த மனை ஸ்டேஷன்லேர்ந்து நடக்குற தூரம். இது போச்சுன்னா எங்களுக்கு அப்புறம் செங்கல்பட்டு தாண்டித்தான்.”

திங்கட்கிழமை ரிப்போர்ட் தயார். அதை வாங்கிக்கொண்டு ஒரு உதவி கேட்டார். கணவருக்கு இங்கிலீஷ் ரிப்போர்ட் ஓடாது, தமிழில் ஒரே ஒரு பக்கம் சுருக்கமாக எழுதித் தர முடியுமா?

முடியுமாவா! பத்தாவதில் தமிழில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் நான். கூடத்தை நடத்தும் எங்கள் சார் ரிப்போர்ட்டில் எழுதியிருந்த ‘கிளே மினரல்ஸ்’ என்பதற்கு அகராதியைக்கூடத் தொடாமல் தமிழ் போட்டேன். ‘இம்மனையின் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் வகையைச் சார்ந்த களிமண் கனிமங்கள் கணிசமாகக் காணப்படுகின்றன.’ கனிமங்கள், கணிசமாக, காணப்படுகின்றன. மோனையைக் கவனியுங்கள். நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்து ரசித்துவிட்டு பிரிண்ட் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா போன் செய்தார். குரலே சரியில்லை.

“ஏம்மா, அந்தப் பேப்பர்ல என்னம்மா எழுதின? நான் நேர்மையா இருக்கணும்னு மனை ஓனருக்கும் ஒரு காப்பி குடுத்தேன். அவர் படிச்சுட்டு, இப்போதைக்கு விக்கிறதா இல்லைங்கறார்.”

“ஏங்க்கா?”

“அவர் நிலத்துல கனிமம் இருக்காம்.”

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. தினமும் பேப்பரில் என்ன வருகிறது? கனிமவளக் கொள்ளை. கனிம லாரி பறிமுதல். கனிமம் என்றால் ஊரில் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்: யாரோ யாருக்கும் தெரியாமல் தோண்டி எடுத்துப் பணக்காரராகும் சமாச்சாரம். அதைப் போய் நான் ‘கணிசமாக’ என்று வேறு எழுதியிருக்கிறேன்.

சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது நல்ல சகுனம் இல்லை.

“நான் ‘கிளே மினரல்ஸ்’னு எழுதியிருந்தேன். அது பாட்டுக்கு இங்கிலீஷ்ல தூங்கிட்டு இருந்துச்சு. அதை எதுக்கும்மா தமிழ்ல எழுப்பிவிட்ட? மண்டையில என்ன களிமண்ணா?”

“சார், களிமண்ணுன்னா சைஸச் சொல்றீங்களா, மினரலச் சொல்றீங்களா?”

வாய் எனக்கு எப்போதும் ஒரு நொடி முந்திக்கொள்ளும். ஆனால் அந்தக் கேள்வி வெறும் திமிர் இல்லை. எங்கள் தொழிலிலேயே அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று அளவு: இரண்டு மைக்ரானுக்குக் கீழே பொடிந்த எந்தத் துகளும் களிதான், அது எந்தப் பாறையிலிருந்து வந்தாலும் சரி. இன்னொன்று குடும்பம்: தாள் தாளாக அடுக்கிய, அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் அதிகம் தண்ணீர் குடிக்கிறவர்தான் மாண்ட்மோரில்லோனைட். மழையில் உப்புவார், வெயிலில் சுருங்குவார், மேலே இருக்கும் சுவரை இரண்டாகப் பிளப்பார். இதில் இன்னொரு வேடிக்கை, அவரை நாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. அவரைப் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின் எங்கள் மாடியில் கிடையாது. மண் ஊதுகிற ஊதலை வைத்து, ‘இவராகத்தான் இருக்கும்’ என்று ஊகித்து எழுதுவதுதான்.

சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “எழுப்பினது நீ. நீயே போய்த் தூங்க வை. வெள்ளிக்கிழமைக்குள்ள.”

புதன்கிழமை காலை, ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஊரப்பாக்கம் போனேன். பெட்டிக்குள் நான்கு கண்ணாடி அளவுகுழாய்கள், ஒரு சல்லடை, ஒரு சின்ன தராசு, ஒரு பாட்டில் கெரசின், அந்த மனையில் எடுத்த மண்ணில் மிச்சம் கொஞ்சம். ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போய் வந்தது.

ஓனர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். கழனியாக இருந்த இடத்தைத்தான் மனைகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருக்கிறார். வாசலில் டிராக்டர் நின்ற ஷெட்டில் இப்போது ஒரு கார். என் ஒரு பக்கத் தமிழை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

“இத்த எழுதினது நீதானாமா? நல்லா எழுதிக்கீற. அந்தப் பேரு மட்டும் வாயில நுழைய மாட்டேங்குது. மாண்ட... மாண்டமோரு...”

உள்ளே இருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “இன்னாது, மோரா?”

“நீ சும்மா இரு. கனிமம்.”

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “ஐயா, கனிமம்னா நீங்க நெனைக்கிற கனிமம் இல்ல. இது சாதாரண களிமண்ணு.”

“சாதாரணமா? என் பையன் போன்ல கேட்டுச் சொன்னான். இத்த வெளிநாட்ல தோண்டி எடுக்குறாங்களாமே? எண்ணெய்க் கிணறு போட இதானாம். பொம்பளைங்க மூஞ்சில பூசுறாங்களாம். பூனை மூத்திரம் போவறதுக்குக்கூட இத்தத்தான் கொட்டி வெக்கிறாங்களாம். இல்லன்னு சொல்லு பாப்போம்.”

அதுதான் பிரச்சனை. அத்தனையும் உண்மை. நான் ஞாயிற்றுக்கிழமை முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டியிலேயே அவர்தான் இருக்கிறார்.

“அது சுத்தமா, பெரிய படிவமா இருந்தாத்தான் தோண்டுவாங்க. உங்களுது மண்ணோட கலந்து கிடக்குது. கனிமம்னா என்ன, உப்புகூடக் கனிமம்தான். மணல்ல இருக்கறதும் கனிமம்தான். உங்க பல்லுலகூடக் கனிமம் இருக்கு.”

“பல்ல எவனாச்சும் விப்பானா?” என்றார். “அதேதான் நானும் சொல்றேன். விக்கக் கூடாது.”

அரை மணி நேரம் இப்படியே போனது. நான் எந்தப் பக்கம் போனாலும் அவர் குறுக்கே வந்து நின்றார். அந்த அக்கா பாவம், ஏழு வீடு மாறியவர் என்றேன். நல்ல பொண்ணுதான், வேற மனை பாக்கச் சொல்லு என்றார். கடைசியில் எரிச்சலில் சொன்னேன். “ஐயா, உங்க மனையில மட்டுமா இருக்கு? இந்த ஊர்க் களி நெலம் முழுக்க இதான். இதோ உங்க வீட்டுப் பின்னாடி தோண்டுங்க, இருக்கும். பக்கத்து வீட்டுல தோண்டுங்க, அங்கயும் இருக்கும்.”

அவர் கையிலிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

“பக்கத்து வூடுன்னா... அவன் வூடா?”

பக்கத்து வீட்டில் இருந்தவர் அவருடைய பங்காளி. இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் மேல் சாய்ந்த ஒரு தென்னைமரம், அதன் காய் யாருக்கு என்று ஆரம்பித்துப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அந்த டம்ளர் நின்ற விதத்தில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. விடாமல் பிடித்தேன்.

“டெஸ்ட் பண்ணிரலாம் ஐயா. உங்க மனை மண்ணு, உங்க வீட்டு மண்ணு, அவங்க வீட்டு மண்ணு. மூணையும் ஒரே இடத்துல வெச்சு.”

“அவன் வூட்டு மண்ண எவன் போய்க் கேக்குறது?”

“நா போறேன்” என்று அவர் மனைவி ஒரு சொம்போடு வெளியே வந்தார். பேச்சுவார்த்தை இல்லாதது ஆண்களுக்கு மட்டும்தானாம். ஐந்து நிமிடத்தில் சொம்பு நிறைய மண்ணும், முந்தானையில் நாலு முருங்கைக்காயும் வந்தன.

முறைப்படி மண்ணை ஓவனில் ஒரு நாள் உலர்த்த வேண்டும். நேரம் இல்லை. “ஒரு தோசைக்கல் கிடைக்குமாம்மா?” என்றேன்.

“என் தோசைக்கல்லுல மண்ணையா வறுக்கப் போற? படிச்ச பொண்ணு செய்யற வேலையா இது?” என்றார். ஆனால் பழைய கல் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று, “கருகப் போவுது, அடுப்பக் கொற” என்று மேற்பார்வையும் பார்த்தார்.

வறுத்து, இடித்து, சலித்து, வகைக்குப் பத்து கிராம் எடை போட்டேன். மனை மண் இரண்டு குழாயில்: ஒன்றில் கெரசின், ஒன்றில் தண்ணீர். மற்ற இரண்டு மண்ணுக்கும் தண்ணீர். கெரசினை இந்த மண் குடிக்காது, அதனால் உள்ளது உள்ளபடி இருக்கும். தண்ணீரில் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் ஊதல். இருபத்துநான்கு மணி நேரம் யாரும் தொடக்கூடாது. குழாய்களில் பேப்பர் ஒட்டி ‘மனை’, ‘வீடு’ என்று எழுதினேன். மூன்றாவதில் என்ன எழுத என்று கேட்டேன்.

“அவன்னு எழுது” என்றார் ஓனர்.

அக்காவுக்கும் போனில் சொல்லியிருந்தேன்; வியாழக்கிழமை காலை நான் போவதற்கு முன்பே வந்துவிட்டார். நைட் ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்த கண்கள். ஓனர், அவர் மனைவி, அக்கா, நான், நான்கு பேரும் குழாய்கள் வைத்திருந்த ஷெல்ப் முன்னால் நின்றோம். கெரசினில் மண் பத்து கோட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தண்ணீரில் மனை மண் பதினெட்டைத் தொட்டிருந்தது. வீட்டு மண்ணும் பதினெட்டு. ‘அவன்’ பத்தொன்பது.

ஓனர் குனிந்து பார்த்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அதெப்பிடி அவனுது மேல போவும்?”

“இயற்கை ஐயா.”

“அவன் மண்ணுலயும் இந்த மாண்டமோரு கீதா?”

“உங்களவிட ஒரு கோடு ஜாஸ்தியாவே.”

அவர் நிமிர்ந்தார். முகத்தில் சுரங்கமே இடிந்து விழுந்தது. “அவன்கிட்டயே கீதுன்னா, அது இன்னா பெரிய கனிமம்! இது களிமா, களி. எங்க அப்பா காலத்துலேர்ந்து ஏர்ல ஒட்டிக்கினு வர்ற சனியன். கோடையில இதுல கை நொழையற அளவு வெடிப்பு வுடும். இத்தச் சொல்றதுக்கா இத்தினி எழுதின? களின்னு ஒரு வார்த்த எழுதி இருந்தா நான் அன்னிக்கே புரிஞ்சிக்கினு இருப்பேனே!”

நான் படித்துத் தெரிந்துகொண்ட அத்தனையும் அவர் பேச்சில் இருந்தது. உப்புவது, சுருங்குவது, வெடிப்பது, ஒட்டுவது. பேர் மட்டும்தான் வேறு. சந்தோஷமாக அக்கா பக்கம் திரும்பினேன். அக்கா சந்தோஷமாக இல்லை. அவர் இன்னும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து பதினெட்டாகுதா?” என்றார் மெதுவாக. “இது மேலயா நான் வீடு கட்டப் போறேன்?”

தூங்க வைக்க வந்தவள் அடுத்தவரை எழுப்பிவிட்டேன். ஓனருக்கு உடனே சுருக்கென்றது. “ஏன், என் நெலத்துக்கு இன்னா கொற? நாங்க இதுலதான் வூடு கட்டிக்கினு கீறோம்.”

“உங்க காம்பவுண்டு சுவத்துல அவ்ளோ பெரிய விரிசல் இருக்கே, அது?” என்றார் அக்கா. குவாலிட்டிக்காரர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“அது தென்னமரம் இடிச்சது” என்றார் ஓனர். “தென்னமரம் ஒண்ணும் இடிக்கல” என்றார் அவர் மனைவி.

நான் ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட்டேன். மேலே இருக்கிற மண்தான் மழைக்கும் வெயிலுக்கும் ஆடும். ஒரு ஆழத்துக்குக் கீழே ஈரம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி, அங்கே மண் ஆடாது. மூன்றரை மீட்டருக்குத் துளை போட்டு, அடியில் விரித்த குடை மாதிரி அகலப்படுத்தி, கான்கிரீட் தூண் இறக்கிவிட்டால் வீடு அந்தக் குடையில் நிற்கும். தூண்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. மண் உப்பினால் அந்த இடைவெளியில் உப்பிக்கொள்ளட்டும்.

அக்கா கேட்ட கேள்விகளை என் காலேஜில் வைவாவில்கூட யாரும் கேட்டதில்லை. இடைவெளி எவ்வளவு? அதில் குப்பை அடைத்தால்? குடை சரியாக விரிந்ததா என்று எப்படிச் செக் பண்ணுவது? கொத்தனார் மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டு மூன்றரை என்று சொன்னால்?

“நான் வந்து டேப் விட்டு அளக்கறேன்க்கா. ஒவ்வொரு துளையும்.”

“நிஜமா வருவியா?”

“இந்தக் கலாட்டாவ ஆரம்பிச்சதே நான்தான். வராம?”

அவர் படத்தை மடித்து பையில் வைத்துக்கொண்டார். ஓனரைப் பார்த்தார். “நாளைக்குப் பதிவு வெச்சுக்கலாமாங்க?”

ஓனர் மோவாயைத் தடவினார். “வெச்சிக்கலாம். ஆனா இந்தப் பேப்பர மாத்தணும். கனிமம்னு போட்டா எனக்கு ஆச வருது. உப்புதுன்னு போட்டா வாங்குறவங்களுக்குப் பயம் வருது. இன்னும் நாலு மனை கீதுமா எங்கிட்ட.”

“பொய் எழுத மாட்டேன் ஐயா.”

“பொய்யி எவன் எழுதச் சொன்னான்? பதமா எழுது.”

அதற்கப்புறம் நடந்ததுதான் என் வாழ்க்கையில் நான் உட்கார்ந்த உருப்படியான ஒரே தமிழ் வகுப்பு என்று சொல்வேன். ‘வீங்கும் மண்’ என்றேன். நோய் மாதிரி இருக்கிறது என்றார் ஓனர். ‘விரிவடையும் மண்’ என்றேன். “மனை பெருசாவுமாமே” என்று அவர் மனைவி சிரித்தார். ‘பிரச்சனைக்குரிய மண்’ என்று போனில் சார் சொன்னதை யாருமே ஏற்கவில்லை. அக்கா மட்டும் கறாராக நின்றார். எந்த வார்த்தை போட்டாலும், அடுத்த மனை வாங்க வருகிறவருக்கு மண் ஆடும் என்பது தெரிந்தாக வேண்டும். கடைசியில் நான்கு பேரும் சேர்ந்து எழுதியது இது: ‘இந்த மனையில் இருப்பது களி. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். ஆடாத ஆழம் வரை அஸ்திவாரம் போட்டால் வீடு நிற்கும்.’ மோனை இல்லை, ஒன்றும் இல்லை. சாருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அவரிடமிருந்து வந்த முதல் கட்டைவிரல்.

ஓனர் என்னை வண்டி வரைக்கும் வந்து வழியனுப்பினார். குரலைத் தாழ்த்தி ஒரு கோரிக்கை வைத்தார். “ஒருவேள அவன் டெஸ்டுக்கு உன்னாண்ட வந்தான்னு வெச்சிக்கோ. அவனுக்கு மட்டும் கனிமம்னே எழுதிக் குடு. விக்காம வெச்சிக்கினு அலையட்டும்.”

வெள்ளிக்கிழமை மதியம் பதிவு முடிந்தது. அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. பதிவு அலுவலகத்திலிருந்து அக்கா வீட்டுக்குப் போகவில்லை; மழை விட்டதும் நேராக மனைக்குப் போய் நட்டநடுவில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். அங்கிருந்து அப்படியே, பதிவுக்காக மாற்றி வாங்கியிருந்த செகண்ட் ஷிப்டு. சாயங்காலம் ஒரு போட்டோ அனுப்பினார்: அந்தப் பளபளப்பான தொழிற்சாலைத் தரையில், வாசலிலிருந்து அவருடைய மேஜை வரைக்கும், வரிசையாகச் சாம்பல் நிறக் காலடிகள். ஒவ்வொன்றும் தட்டு அகலம். பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“சூப்பர்வைசர் கத்துறார்மா, இது யார் வேலைன்னு. ரெண்டு தடவ கழுவிட்டேன், போக மாட்டேங்குது. நான் சொல்லிட்டேன், சார், அது அழுக்கு இல்ல, என் மனை, கொஞ்சம் பாத்து நடங்கன்னு.”